கட்டிலை விரித்தால் கதவு திறக்காது

ஜனவரி 9

அன்புள்ள அப்பா,

போனில் நாம் பேசுவதெல்லாம் ஒரு பேச்சா? "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன், நீங்க?" "ஆச்சு." "உடம்பு?" "நல்லா இருக்கு." அவ்வளவுதான், வைத்துவிடுகிறோம். உங்கள் பக்கம் மெஷின் இரைச்சல். என் பக்கம் சித்தி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். அதனால்தான் கடிதம். நீங்களும் கடிதமாகவே பதில் போடுங்கள். ஓயாமல் கத்துகிறேன் என்று எனக்குச் சில்வண்டு என்று பேர் வைத்தது நீங்கள்தானே? வைத்தவர்தான் கேட்டாக வேண்டும்.

பள்ளி நாடகம் முடிந்தது. பயப்படாதீர்கள், நான் மேடை ஏறி நடிக்கவில்லை. மேடை அமைப்பும் விளக்கும் என் பொறுப்பு. கடைசிக் காட்சியில் எல்லோரும் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விடுவார்கள். வெறும் மேடை, ஒரே ஒரு நாற்காலி. அதன் மேல் மட்டும் வெளிச்சம். அதை நான் மெல்ல மெல்லக் குறைத்தேன். முன்வரிசையில் ஒருத்தர் மூக்கை உறிஞ்சினார், அப்பா! ஆளே இல்லாத நாற்காலியைப் பார்த்து அழுகிறார்! வாழ்நாள் முழுக்க இதையே செய்ய வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

நாடக டீச்சர் இரண்டு கல்லூரிகள் சொல்கிறார். ஒன்று உங்கள் ஊரிலேயே இருக்கிறது. நாடகக் கலை, மூன்று வருடம். பெரும்பாலும் நடிப்புதான், நடுவில் மேடை அமைப்பும் உண்டு. இன்னொன்று எங்கேயோ ஒரு கோடியில். ரயிலில் ஏறினால் மறுநாள்தான் இறங்க முடியும். அங்கே மேடைத் தொழில்நுட்பமும் அரங்க வடிவமைப்பும் மட்டுமே, நான்கு வருடம். தச்சுப் பட்டறை, விளக்குக் கூடம் எல்லாம் தனித்தனியாக இருக்கிறதாம். விடுதியில்தான் தங்க வேண்டும். "உனக்குன்னே செஞ்ச படிப்பு அது, விட்டுடாதே" என்று டீச்சர் ஒற்றைக்காலில் நிற்கிறார்.

ஆனால் நான் உங்கள் ஊருக்குத்தான் வரப்போகிறேன். அம்மா போனதிலிருந்து நீங்கள் அங்கே, நான் இங்கே. மூன்று வருடமாகச் சித்தி வீட்டுக் கூடத்தில் படுக்கிறேன். காலையில் சித்தப்பா டீயோடு டிவி முன்னால் வந்து உட்காருவதற்குள் படுக்கையைச் சுருட்டிவிட வேண்டும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. உங்களோடு வந்து இருந்துவிடுகிறேன்.

டீச்சருக்காகத் தூரத்துக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போடுகிறேன். அங்கே ஒரு சோதனை வைக்கிறார்கள். ஓர் அறையை இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் அட்டையில் செய்ய வேண்டும். அதில் ஆள் பொம்மை இருக்கக் கூடாது. ஆனால் பார்ப்பவருக்கு அங்கே யார் வாழ்கிறார் என்று தெரிய வேண்டும். எப்படி இருக்கிறது! நான் உங்கள் அறையைச் செய்யப் போகிறேன். அப்படியே என் கட்டிலை எங்கே போடலாம் என்றும் பார்த்துவிடலாம். அளந்து எழுதுங்கள்.

உங்கள்
சில்வண்டு


ஜனவரி 21

சில்வண்டுக்கு,

உன் கடிதத்தை அவசரப்பட்டு வேலை நேரத்தில் பிரித்துவிட்டேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து நீராவியில் காகிதம் துவண்டு போய்விட்டது. இஸ்திரி மெஷின் மேல் வைத்துக் காய்ந்த பிறகு மறுபடி படித்தேன். ஆளே இல்லாத நாற்காலியைப் பார்த்து அழுதவருக்கு வீட்டில் என்ன கஷ்டமோ, பாவம்.

நீ வருகிறாய் என்று படித்த அன்றே உனக்கு ஒரு மடக்குக் கட்டில் வாங்கிவிட்டேன். மெஷினில் என்னோடு நிற்கிற மொட்டை, "அவசரக்குடுக்கை! பொண்ணு இன்னும் பரீட்சையே எழுதல, அதுக்குள்ள கட்டிலா?" என்று கத்தினான். (அவனுக்குத் தலை நிறைய முடி. மொட்டை என்ற பேர் எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியாது.) கட்டிலை அவனும் நானும்தான் தூக்கி வந்தோம். நீலப் பட்டை போட்ட துணி, உனக்குப் பிடிக்கும்.

அறை நல்ல அறைதான். முன்பே சொல்லியிருக்கிறேனே. மூன்றாவது மாடி, ஜன்னல், வெளியே ஒரு மரம். அளக்கத்தான் நேரம் வேண்டும். நீ வேறு ஏதாவது அறையைச் செய்யக் கூடாதா? சித்தியின் சமையலறை கண் முன்னாலேயே இருக்கிறதே.

படிப்பு விஷயத்தில் டீச்சர் சொல்வதையும் கொஞ்சம் காதில் போட்டுக்கொள். ஆனால் நீ இங்கே வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். அதை மறைப்பானேன்.

அப்பா


ஜனவரி 30

அப்பா,

சித்தியின் சமையலறையைச் செய்தால் அங்கே யார் வாழ்கிறார் என்று காட்டத் தனியாகக் கத்தும் சத்தம் வைக்க வேண்டும். வேண்டாம், விடுங்கள்.

ஓர் அறையை அளக்க எவ்வளவு நேரம் ஆகும்? டேப்பைப் பிடித்தால் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். நீளம், அகலம், கதவு, ஜன்னல், கட்டில் எந்தப் பக்கம், சுவர் என்ன நிறம். முக்கியமாக வெளிச்சம். வெயில் எப்போது எங்கே விழுகிறது? அது தெரியாமல் நான் ஒன்றுமே செய்ய முடியாது. என்னிடம் மழுப்பாதீர்கள்.

நீலப் பட்டை பிடித்திருக்கிறது. பார்க்காமலேயே பிடித்திருக்கிறது.

சில்


பிப்ரவரி 8

சில்வண்டுக்கு,

இந்தா, நீ கேட்டது.

நீளம் பதினாலு அடி, அகலம் பன்னிரண்டு. கதவு நாலடி அகலம். ஜன்னல் பெரியது, என் இடுப்பு உயரத்திலிருந்து தொடங்குகிறது. கட்டிலின் தலைமாடு மட்டும் சுவரோடு ஒட்டியிருக்கும், இரண்டு பக்கமும் நடந்து போகலாம். தலைமாட்டுக்கு மேலே கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பொத்தான். பக்கத்தில் சக்கரம் வைத்த சின்ன அலமாரி. கூரையில் கட்டிலைச் சுற்றி ஒரு கம்பி போகிறது, திரை மாட்டுவதற்கு. எதற்குத் திரை என்று கேட்காதே, முன்பே இருந்தது. சுவர் இளம்பச்சை. காலையில் வெயில் நேராகக் கட்டில் மேல் விழுந்து கால்மாடு வரை வரும். மத்தியானம் மரத்தின் நிழல் சுவரில் ஆடும். சாயங்காலம் எப்படி என்று தெரியவில்லை, அந்த நேரம் நான் மேலே போவதில்லை.

நல்லபடியாகச் செய். சாப்பிடு. சித்தியிடம் வாய் கொடுக்காதே.

அப்பா


பிப்ரவரி 19

அப்பா,

உங்களுக்கு உடம்புக்கு என்ன?

மழுப்ப வேண்டாம். அறையை முடித்துவிட்டேன். செருப்புப் பெட்டி அளவுக்கு அழகாக வந்தது. மரத்தைக்கூடக் கம்பியில் செய்து ஜன்னலுக்கு வெளியே நட்டேன். டார்ச்சைக் கிழக்கில் பிடித்துக் காலை வெயிலை உண்டாக்கிப் பார்த்தேன். நீங்கள் எழுதியபடியே கட்டில் மேல் விழுந்தது. அப்படியே கூத்தாடினேன்.

பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டீச்சர் குனிந்து பார்த்தார். கதவை விரலால் தள்ளிப் பார்த்தார். பிறகு, "ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. இங்க இருக்கறது யாரு? உங்க வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "கதவு ஏன் இவ்வளவு அகலம்? கட்டிலோட ஆளை வெளிய தள்ளிட்டுப் போகத்தான் இப்படி வைப்பாங்க. சுத்தி வர திரை. தலைமாட்டுல நர்ஸைக் கூப்பிடற பொத்தான். இது ஆஸ்பத்திரி ரூம்மா," என்றார்.

அப்பா, என் கையால் ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டினேன். எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று? அம்மாவை நாம் கடைசியாகப் பார்த்த அறையும் இளம்பச்சைதான்.

நேற்றுப் போன் செய்தேனே, "நல்லா இருக்கேன்" என்றீர்கள். அம்மாவுக்கும் இப்படித்தான், "ஒண்ணுமில்ல, சாதாரணக் காய்ச்சல், நீ பள்ளிக்கூடம் போ" என்று என்னை அனுப்பிக்கொண்டே இருந்தீர்கள். உங்கள் "நல்லா இருக்கேன்" எனக்கு வேண்டாம். எத்தனை நாளாக அங்கே படுத்திருக்கிறீர்கள்? என்ன வியாதி? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடனே பதில் வராவிட்டால் ரயிலேறி வந்துவிடுவேன், யார் தடுத்தாலும் சரி.

உங்கள் மகள்


பிப்ரவரி 24

என் கண்ணே,

எனக்கு ஒன்றும் இல்லை. சத்தியமாக ஒன்றும் இல்லை. நீ நம்ப மாட்டாய் என்றுதான் கீழே மொட்டையை விட்டும் ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறேன்.

நீ செய்தது ஆஸ்பத்திரி அறைதான். ஆனால் அதில் படுத்திருப்பவன் நான் இல்லை. மூன்றாவது மாடியில் கோடியில் இருக்கும் அறை அது. தினமும் காலையில் துவைத்த விரிப்புகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேலே போவேன். அந்த அறையில் வெயில் விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். நீ விடாமல் கேட்டாய். யாரோ குணமாகி வீட்டுக்குப் போன அன்று, அறை காலியாக இருந்தபோது அளந்தேன். நர்ஸம்மா வந்துவிட்டார். "என்ன அளக்கறீங்க?" "பெட்ஷீட்டுக்கு அளவும்மா." "பெட்ஷீட்டுக்கு ஜன்னலை ஏன் அளக்கறீங்க?" டேப்பைச் சுருட்டிக்கொண்டு அசடு வழிந்தேன். அப்போதே இதை விட்டிருக்க வேண்டும். மூன்று வருடமாக அந்த அறைகளிலேயே புழங்குகிறேனா, அகலக் கதவும் பொத்தானும் எனக்கு வித்தியாசமாகவே படவில்லை. எல்லா அறையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன், மடையன்.

நான் இருப்பது அடித்தளத்தில், பாய்லருக்குப் பின்னால். பழைய துணி போட்டு வைக்கிற அறை. சலவைக்கூடத்து மேஸ்திரி இரக்கப்பட்டுக் கொடுத்தார். ஆறடிக்கு எட்டடி. ஜன்னல் இல்லை. வெளியே மழையா வெயிலா என்று மேலே போனால்தான் தெரியும். வந்த புதிதில் நீ போனில், "ரூம் எப்படி இருக்குப்பா, ஜன்னல் இருக்கா?" என்று கேட்டாய். அம்மா போன துக்கத்தில் சின்னக் குரலில் கேட்டாய். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பிறகு ஜன்னலுக்கு மரம் வந்தது, மரத்துக்கு நிழல் வந்தது. எப்படி நிறுத்துவது?

உன் கட்டில் வந்த அன்று விரித்துப் பார்த்தேன். என் கட்டிலும் அதுவும் பக்கத்தில் பக்கத்தில் சரியாகப் பொருந்தின. அடடா என்று வெளியே போகத் திரும்பினால் கதவு திறக்கவில்லை. உள்பக்கம் திறக்கிற கதவு, கட்டில் காலில் முட்டிக்கொண்டு நின்றது. கட்டிலை மறுபடி மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். அன்றிலிருந்து நிற்கிறது.

நீ இங்கே வர வேண்டாம். தூரத்துக் கல்லூரிக்கே போ.

அப்பா

(தங்கச்சி, உங்கப்பாவுக்கு ஒரு நோயும் இல்ல. பொய் சொல்ற நோய் மட்டும்தான். – மொட்டை)


மார்ச் 2

உயிர் வந்தது. வந்தவுடன் கோபமும் வந்தது. அதனால் அன்புள்ள என்று எழுதவில்லை.

மூன்று வருடம்! நான் சித்தி வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டு, "அப்பா ரூம்ல இப்ப மரம் ஆடும்" என்று நினைத்துத் தூங்கியிருக்கிறேன். அந்த மரத்தை வைத்துத்தான் இங்கே நாட்களைத் தள்ளினேன். அது யாரோ நோயாளியின் மரம். உங்களை என்ன செய்வது?

ஜன்னல் வேண்டும் என்று யார் அழுதார்கள்? எனக்கு ஜன்னல் வேண்டாம். ஆறுக்கு எட்டில் இரண்டு பேர் இருக்கலாம். நான் கதவுப் பக்கம் தரையில் படுத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர்க் கல்லூரிக்குத்தான் வருவேன். உங்களைப் பாய்லருக்குப் பின்னால் தனியாக விட்டுவிட்டு நான் அங்கே போய் மேடைக்கு விளக்குப் போடுவேன் என்று நினைத்தீர்களா?

நிஜ அறையின் அளவை அனுப்புங்கள். எல்லாவற்றையும். இந்த முறை உங்கள் அறையை.


மார்ச் 11

சில்வண்டுக்கு,

உன் கோபம் நியாயம். திட்டித் தீர்த்துவிடு. ஆனால் அதற்குப் பிறகு நான் சொல்வதையும் கேள்.

போன வாரம் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இந்த ஊர்க் கல்லூரிக்குப் போய் வந்தேன். இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டுதான் போனேன், உன் மானத்தை வாங்கவில்லை. அலுவலகத்தில் இருந்த பையன் நல்ல பையன், சுற்றிக் காட்டினான். அரங்கம் அழகாக இருக்கிறது. நடிக்கிற பிள்ளைகள் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். "என் பொண்ணு மேடை அமைப்பு படிக்கணும், விளக்கு படிக்கணும்" என்றேன். "அது வெளியிலேர்ந்து ஆள் வந்து போட்டுட்டுப் போயிடுவாங்க சார். இங்க எல்லாரும் நடிக்கத்தான் வருவாங்க," என்றான். மேடைக்குப் பின்னால் பட்டறை இருக்கிறதா என்று கேட்டேன். ஓர் அறையைத் திறந்து காட்டினான். உடைந்த நாற்காலிகளை உச்சி வரை அடுக்கி வைத்திருந்தார்கள்.

நான் படித்தவன் இல்லை. ஆனால் சுத்தி பிடிக்க இடமில்லாத பட்டறையைப் பார்த்தால் எனக்குத் தெரியும். அங்கே நீ மூன்று வருடம் உட்கார்ந்தால், யாராவது நடிப்பதைப் பார்த்துக் கை தட்டிவிட்டு வரலாம். எனக்காக நீ அதைச் செய்தால், இந்த அறையில் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்காது. செலவைப் பற்றி யோசிக்காதே, உன் அம்மா சேர்த்து வைத்தது அதற்குத்தான்.

நீ வந்து கதவோரம் தரையில் படுக்கிறேன் என்று எழுதியதை நாலு தரம் படித்தேன். நீ வர வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? இங்கே வேலை முடிந்து கதவைச் சாத்தினால் மறுநாள் வரை பேச்சுக்கு ஆள் கிடையாது. பாய்லரோடு பேசுகிறேன். அதுவும் உன்னை மாதிரிதான், ஓயாமல் கத்தும். இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டுதான் வேண்டாம் என்கிறேன். புரிந்துகொள்.

நிஜ அறை இதுதான். ஆறடி அகலம், எட்டடி நீளம். குறுக்குச் சுவரில் கதவு, இரண்டரை அடி. கதவுக்கு வெளியே நடை, துணி வண்டிகள் இரண்டு எதிரும் புதிருமாகப் போகிற அகலம். பாய்லர் பக்கத்துச் சுவரில் சுண்ணாம்பு வெந்து உரிந்திருக்கும், ஈரத் துணியைச் சாய்த்தால் உடனே காயும். ஒரு பல்பு. கதவுக்கு அடியில் நடையின் வெளிச்சம் ஒரு கோடு மாதிரி உள்ளே வரும். என் கட்டில் இடது பக்கம். விரிப்பு வெள்ளை, சுருக்கம் இருக்காது, அது என் தொழில் ஆயிற்றே. ஆணியில் ஒரு சட்டை. ஒரு தண்ணீர்ச் சொம்பு. வலது சுவரில் மடக்கிச் சாய்த்து வைத்த நீலப் பட்டைக் கட்டில்.

வெயில் இல்லை. அதனால் உனக்கு வேலை குறைவு.

அப்பா


ஏப்ரல் 6

அப்பா,

போய் வந்துவிட்டேன். ரயிலில் தனியாகத்தான் போனேன், சித்தப்பாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மடியில் உங்கள் அறை. எதிர் சீட்டுப் பாட்டியம்மா அது என்ன பெட்டி என்று கேட்டார். "எங்கப்பா வீடு" என்றேன். "பத்திரம்" என்றார், சிரிக்கவே இல்லை.

அறை மிகச் சின்னதாக வந்தது, உள்ளங்கையில் அடங்கிவிட்டது. பழைய அறையைச் செய்ததைவிட இதற்குத்தான் அதிக நாள் ஆயிற்று. விரிப்பைச் சித்தியின் இஸ்திரிப் பெட்டி நுனியால் தேய்த்தேன், விரலைச் சுட்டுக்கொண்டேன். சுவர் உரிய வேண்டும் என்று பெயின்ட்டை மெழுகுவத்தியில் காட்டினேன். சித்தி வந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "இங்கயா மாமா இருக்காரு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று மட்டும் கூடத்து விளக்கை யாரும் சீக்கிரம் அணைக்கச் சொல்லவில்லை.

நேர்காணலில் இரண்டு பேர். கண்ணாடியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்ட ஒரு அம்மா. கையெல்லாம் பெயின்ட் கறையோடு ஒரு பெரியவர். மற்ற பிள்ளைகள் கொண்டு வந்ததைப் பார்த்து என்னுடையதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மாடிப்படி, சரவிளக்கு, ஓடுகிற கடிகாரம்! என்னுடையதை மேசையில் வைத்ததும் எங்கே வைத்தேன் என்று தேட வேண்டியிருந்தது. ஜன்னல் எங்கே என்று கேட்டார்கள். "இல்ல" என்றேன். நேர்காணல் அறையின் விளக்கை அணைத்துவிட்டு, அட்டைக் கதவுக்கு வெளியே சின்ன டார்ச்சை வைத்தேன். கதவுக்கு அடியில் அந்த வெளிச்சக் கோடு மட்டும் தரையில் விழுந்தது.

மறுபடி விளக்கைப் போட்டதும் இருவரும் குனிந்துகொண்டார்கள். பெரியவர் சொல்ல ஆரம்பித்தார். "ஆம்பள. தனியா இருக்கார். துணியோட வேல செய்யறவர், விரிப்பப் பாரு. பக்கத்துல ஏதோ கொதிக்குது, சுவர் வெந்திருக்கு." எல்லாம் சரி, அப்பா! எல்லாமே சரி! எனக்கு உங்களை உடனே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அப்போது அந்த அம்மா கேட்டார். "ஆளு ஒருத்தர். கட்டில் ரெண்டு. அது யாருக்கு?"

"எனக்கு" என்றேன்.

"அப்போ நீ ஏன் இங்க வந்திருக்கே?"

"அந்தக் கட்டில விரிச்சா கதவு திறக்காதுங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

இடம் கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலமே பலகையில் ஒட்டினார்கள். பக்கத்தில் நின்ற பிள்ளைகளை எல்லாம் அவரவர் அப்பா அம்மா கட்டிக்கொண்டார்கள். நான் உங்கள் அறையைக் கட்டிக்கொண்டு ரயிலடிக்கு நடந்தேன்.

சேர்ந்துவிடவா? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் இப்போதும் விட்டுவிடுவேன்.

சில்வண்டு


ஏப்ரல் 15

சேர்ந்துவிடு.

அப்பா


ஜூலை 28

அன்புள்ள அப்பா,

"சேர்ந்துவிடு" என்று ஒற்றை வார்த்தை எழுதியதோடு சரி. அதற்குப் பிறகு நான் போட்ட எந்தக் கடிதத்துக்கும் பதில் இல்லை. போனில் பழையபடி சாப்பிட்டியா, சாப்பிட்டேன். நீங்கள்தானே போகச் சொன்னீர்கள்? போகச் சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் எப்படி? இல்லை, கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயமாக இருக்கிறது.

விடுதி அறையில் என்னோடு இருந்த பெண் ஒரு மாதத்தில் ஊருக்கே திரும்பிவிட்டாள். இப்போது அறை முழுக்க எனக்குத்தான். ஜன்னல் இருக்கிறது. பெரிய ஜன்னல். காலையில் வெயில் நேராக அந்தக் காலிக் கட்டில் மேல் விழுகிறது. நான் திரையை இழுத்து மூடிவிடுகிறேன்.

பட்டறையில் மட்டும்தான் நான் நானாக இருக்கிறேன். இழைப்புளி பிடிக்கக் கற்றுக்கொண்டேன், கை காய்த்துப் போயிற்று. போன வாரம் கதவு செய்தோம். நேர்காணலில் இருந்த கைக்கறைப் பெரியவர்தான் சொல்லித் தருகிறார். "மேடையில கதவ எப்பவும் வெளிப்பக்கம் திறக்கற மாதிரி மாட்டு. உள்ள திறந்தா நாற்காலில இடிக்கும், ஆளை மறைக்கும், இருக்கற கொஞ்ச இடத்தையும் தின்னுடும்" என்றார். நான் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டேன். "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் ஒரு பாட்டம் அழுதேன்.

அப்பா, இவ்வளவுதானா? கதவைத் திருப்பி மாட்டியிருந்தால் போதுமா? நாம் இரண்டு பேரும் கட்டிலை மடக்கினோமே தவிர, கதவை ஏன் பார்க்கவே இல்லை?

பின்னால் படம் போட்டிருக்கிறேன். கீல்களைக் கழற்றி நடைப் பக்கம் மாட்டுங்கள். கதவு முட்டி நிற்கிற சட்டம் ஒன்று நிலையில் இருக்கும், அதையும் பெயர்த்து உள்பக்கமாக நகர்த்தி அடியுங்கள். நடை அகலமாக இருப்பதால் வண்டி போகத் தடை இருக்காது, நீங்கள் எழுதிய அளவை வைத்துப் பார்த்துவிட்டேன். உள்ளே கட்டில்களின் கால்மாட்டுக்கும் கதவுக்கும் நடுவில் இரண்டடி கிடைக்கும். ஒருத்தர் நிற்கலாம். இரண்டு பேர் என்றால் ஒருத்தர் கட்டிலில் உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

நான் படிப்பை விடவில்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் விடுமுறை என்று ஒன்று வரும் இல்லையா? அப்போது எங்கே போவேன் என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். அப்பா வீட்டுக்கு என்று சொல்லட்டுமா?

சில்வண்டு


ஆகஸ்ட் 14

என் சில்வண்டுக்கு,

பதில் போடாததற்குக் கோபம் காரணம் இல்லை. சேர்ந்துவிடு என்று எழுதிப் போட்டுவிட்டு வந்து அறையில் உட்கார்ந்தேன். உன் கட்டில் எதிரே நின்றது. அதைப் பார்க்க முடியவில்லை. மறுநாளே மொட்டைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு உனக்கு என்ன எழுதுவது? கட்டிலைக் கொடுத்துவிட்டேன் என்றா? அதை எழுதாமல் வேறு எதை எழுதினாலும் இன்னொரு மரம் ஆகிவிடும் என்று பயமாக இருந்தது. அதனால் சும்மா இருந்துவிட்டேன்.

உன் படத்தை மேஸ்திரியிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு போட்டது?" என்றார். "என் பொண்ணு, மேடை எஞ்சினியர்" என்றேன். அப்படி ஒரு படிப்பு இருக்கிறதா என்று தெரியாது, வாயில் வந்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரித் தச்சரையே அனுப்பி வைத்தார். அவர் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வேலையை ஆரம்பித்தார். டீ நேரத்துக்குள் முடிந்துவிட்டது. கதவு இப்போது வெளிப்பக்கம் திறக்கிறது. எனக்குத்தான் இன்னும் பழகவில்லை. தினமும் உள்ளே தள்ளி முட்டிக்கொள்கிறேன்.

பிறகு மொட்டையிடம் போய்க் கட்டிலைத் திருப்பிக் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். "கொடுத்ததைத் திருப்பிக் கேக்கறியே, வெக்கமா இல்ல?" என்றான். இல்லை என்றேன். உள்ளே போய் எடுத்து வந்தான். பிரிக்கவே இல்லை, கயிறுகூடக் கட்டினபடியே இருந்தது. "கேட்டு வருவேன்னு தெரியும்யா" என்றான். தூக்கிக்கொண்டு வரும்போது அவன்தான் முன்னால் பிடித்தான்.

விரித்தாயிற்று. கதவு திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது. பத்துத் தரம் திறந்து பார்த்தேன் என்று மொட்டை எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறான். விரிப்பு போட்டிருக்கிறேன். மேலே அறைகளுக்குப் போடுவதைவிட நன்றாகத் தேய்த்தது. ஜன்னல் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விடுமுறை எப்போது என்று எழுது. முதல் விடுமுறையில் நாடகம் இருந்து வர முடியாமல் போனாலும் பரவாயில்லை, அடுத்ததற்கு வா. கட்டிலை நான் மடக்கப் போவதில்லை. கதவைத் திறந்தால் முதலில் அதுதான் தெரிகிறது.

யாராவது கேட்டால் அப்பா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்.

அப்பா